முப்பத்தாறு இழைகள்

மீட்டர் வரைக்கும் மின்சார வாரியத்தின் பொறுப்பு, அதற்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரரின் பொறுப்பு என்பது மின்சார விதிகளின் பழைய ஏற்பாடு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், அவற்றின் இடத்தில் 2010இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இந்தக் கோட்டை ஏறக்குறைய அதே இடத்தில்தான் வைத்திருந்தன. ஆள் வைத்துத் தன் கண் முன்னால் வீடு கட்டிக்கொண்ட காலத்தில் அது நியாயமாகவும் இருந்தது. அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கோ சுவர் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகுதான் சாவி கிடைக்கிறது. உள்ளே ஓடும் வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதை அவர் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை. ஆனாலும் ஏதாவது நடந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் கேட்கப்படும். சேலையூரில் ஓர் எலக்ட்ரிக் அடுப்பைப் பற்றி நான் நடத்திய வழக்கு முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே போனது.

புகார்தாரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய கணவருக்கு நுரையீரல் பழுதாகி, நாளில் பெரும்பகுதி ஆக்சிஜன் செலுத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. வீட்டில் ஆக்சிஜன் இருக்கும்போது திறந்த நெருப்பு கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றே டீச்சர் கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தார், பூஜை மாடத்தில் அகல் விளக்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன மின்விளக்கை வைத்தார். வெளிநாட்டிலிருந்த மகள் பணம் அனுப்ப, மேலே நான்கு தட்டும் கீழே ஓர் அவனும் கொண்ட எலக்ட்ரிக் ரேஞ்ச் வாங்கினார்கள். தட்டுகள் நான்கும் சேர்ந்து 6 கிலோவாட், அவன் 2 கிலோவாட். கட்டுநர் கொடுத்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், சமையலறையில் என்னென்ன பாயிண்ட் உண்டு என்ற பட்டியலில் எலக்ட்ரிக் ரேஞ்சும் இருந்தது. அதை நம்பித்தான் வாங்கினார்கள்.

2012 செப்டம்பரில் மானிய விலைச் சிலிண்டர் ஆண்டுக்கு ஆறுதான் என்று மத்திய அரசு அறிவித்ததும், சென்னைப் புறநகரில் மின்சார அடுப்பு வாங்காத தெரு இல்லை என்றாயிற்று. பிறகு அது ஒன்பதாகி, 2014இல் பன்னிரண்டானது. இதை இங்கே சொல்லக் காரணம், கேஸ் செலவை மிச்சப்படுத்த ஆசைப்பட்டு வீட்டின் சக்திக்கு மீறிய அடுப்பை வாங்கிவிட்டார் என்று எதிர்தரப்பு பின்னால் எழுத்துப்பூர்வமாகவே குற்றம் சாட்டியது. மருத்துவரின் சீட்டு கையில் இல்லையென்றால் அந்தப் பேச்சு எடுபட்டிருக்கும்.

ரேஞ்ச் வந்த முதல் வாரத்திலிருந்தே சமையலறை பிரேக்கர் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டு எரிந்தால் நிற்கும். மூன்றாவதைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் டப்பென்று அணையும். குடியிருப்பைக் கட்டுநரே பராமரித்துவந்த முதல் ஆண்டு அது. டீச்சர் வாட்ச்மேன் மேஜையிலிருந்த புகார் நோட்டில் எழுதிவைத்தார். ஒரு பையன் வந்து பார்த்து பிரேக்கரை மாற்றிவிட்டுப் போனான். அதன் பிறகு அது விழவே இல்லை. சில மாதம் கழித்து மாமனாரின் திதி வந்தது. விடியற்காலையிலிருந்து நான்கு தட்டும் ஒன்றாக எரிந்தன. முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிறகு சுவிட்ச் பெட்டிக்கு மேலே சுவர் தொட முடியாமல் சுட்டது. அடுத்து மரப்பலகை அலமாரியில் தீ. பக்கத்து வீட்டு இளைஞர்கள் பெரியவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். தாம்பரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் சமையலறை முழுவதும் கரியாகிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

டீச்சர் வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தார். நிறுவனம் கோரிக்கையை நிராகரித்து அனுப்பிய கடிதத்தில் இரண்டு காரணங்கள். ஒன்று, வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 5 கிலோவாட், அடுப்பு மட்டுமே 8. ஆகவே தவறு அவருடையது. இரண்டு, ஷார்ட் சர்க்யூட்டாலோ, அளவுக்கு மீறி ஓட்டியதாலோ, தானாகச் சூடேறியதாலோ மின்சாதனத்துக்கு ஏற்படும் சேதம் பாலிசியில் சேராது. இரண்டாவதைப் படித்துவிட்டுத்தான் டீச்சர் நம்பிக்கை இழந்திருந்தார். நான் பாலிசியின் மூலத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். தீக்காப்பீட்டில் வழக்கமாக வரும் அந்த விலக்கு, அதே வாசகத்தின் அடுத்த பாதியில் ஒரு வரம்பும் வைக்கிறது: பழுதான அந்தக் குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டுமே விலக்கு பொருந்தும், அதிலிருந்து கிளம்பிய தீயால் எரிந்த மற்றப் பொருள்களுக்குப் பொருந்தாது. கடிதம் எழுதியவர் முதல் பாதியோடு நிறுத்தியிருந்தார். எரிந்த வயரின் விலை சில நூறு ரூபாய். அலமாரியும் பாத்திரமும் ஃபிரிட்ஜும் சேர்ந்த இழப்பு லட்சங்களில். பாதி வாசகத்தைப் படித்த ஒரு முதியவர் இந்த லட்சங்களைக் கைவிட்டுவிடுவார் என்பதை நிறுவனங்கள் அறியாதவை அல்ல. காப்பீட்டு ஆய்வாளரின் அறிக்கையே இறுதி வார்த்தை ஆகாது என்று 2009இல் பிரதீப்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததும் எங்களுக்குத் துணை நின்றது.

மின்பளு வாதத்துக்கு வலு அதிகம். அனுமதித்த பளுவுக்கு மேல் மின்சாரம் எடுப்பது மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடே என்று 2011இல் சீதாராம் ரைஸ் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எதிர்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பை மேஜையில் எடுத்து வைத்தபோது, வாரியமும் தன் மேல் கேஸ் போடுமோ என்று டீச்சர் பயந்துபோனார். என் பதில் எளிமையானது. அது வாரியத்துக்கும் நுகர்வோருக்கும் நடுவில் கட்டணத்தைப் பற்றிய கணக்கு; வாரியம் அப்படி எந்த நோட்டீசும் தரவில்லை. தவிர, தீப்பிடித்தது வாரியத்தின் சர்வீஸ் ஒயரோ மீட்டரோ அல்ல. அவை அந்தப் பளுவைத் தாங்கி முழுசாக நின்றன. எரிந்தது கட்டுநர் சுவருக்குள் புதைத்த வயர்.

வழக்கு செங்கல்பட்டிலிருந்த மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனது. அப்போது நடப்பிலிருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபது லட்சம் வரையிலான புகார்களை அங்கே தாக்கல் செய்யலாம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கிலேயே முடிவாகிவிட்டதால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. தடை உள்ளே இருந்தது. சுவருக்குள் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டதாகக் கட்டுநரின் நிறைவுச் சான்றிதழ் சொன்னது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் அதில் கையெழுத்திட்டிருந்தார். அதை மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டிய பொருளோ தீயில் வெந்துபோயிருந்தது.

வழக்கறிஞர் ஆணையர் ஒருவரையும் அவருக்குத் துணையாக ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவரையும் நியமிக்கக் கேட்டு மனுப் போட்டேன். மன்றம் அனுமதித்தது. அன்று அந்தச் சமையலறையில் நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். பொறியாளர் கரிந்த பகுதியைத் தொடவில்லை. சுவரைக் கொஞ்சம் மேலே உடைக்கச் சொல்லி, பைப்புக்குள் தீ எட்டாத இடத்திலிருந்து ஒரு முழ நீள வயரை இழுத்தார். பிளேடால் மேலுறையைச் சீவி, செம்பு இழைகளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் விசிறிபோல் பரப்பினார். குண்டூசியால் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினார். முப்பத்தாறு. ஓர் இழையை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார்: 0.3 மில்லிமீட்டர். கட்டுநர் தரப்புப் பொறியாளரையும் எண்ணச் சொன்னார். அவருக்கும் முப்பத்தாறுதான் வந்தது. இந்த வயர்களில் 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 36 இழை, 4க்கு 56, 6க்கு 84 என்பது கடைப்பையனுக்கும் தெரிந்த கணக்கு. தாளை மடித்து, கவரில் போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டோம்.

அந்த அறிக்கை வந்த பிறகு கட்டுநர் தரப்பு வாதங்களை மாற்றிக்கொண்டே போனது. முதலில் தாம்பரம் பகுதியின் லோ வோல்டேஜைச் சொன்னார்கள்: அழுத்தம் குறைந்தால் கரன்ட் கூடுமாம். மோட்டாருக்கு அது உண்மை. சுருள் சூடேறும் அடுப்பிலோ அழுத்தம் குறையக் குறைய கரன்ட்டும் குறையும், தோசை வேக நேரமாகும், அவ்வளவுதான். பொறியாளர் இதை இரண்டே வரியில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதற்காக அவர்கள் உண்மையிலேயே படித்திருந்தார்கள். எந்த வீட்டிலும் அடுப்பின் எல்லாத் தட்டும் எந்நேரமும் முழு வேகத்தில் எரிவதில்லை என்பதால், முழுப் பளுவுக்கு வயர் போடத் தேவையில்லை என்பது உலகம் முழுக்க ஏற்ற கொள்கை. அமெரிக்காவில் 12 கிலோவாட் வரையுள்ள ஒற்றை அடுப்பை 8 கிலோவாட் என்று கணக்கிட்டால் போதும். பிரிட்டனில் முதல் 10 ஆம்பியரை முழுசாகவும், மிச்சத்தில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 35 ஆம்பியர் எடுக்கும். பிரிட்டிஷ் கணக்குப்படி அது பதினேழரைக்குள் அடங்கிவிடும்; 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் பைப்புக்குள் சுமார் 18 ஆம்பியர் தாங்கும். ஆகவே எங்கள் வயர் போதுமானது என்றார்கள்.

இதற்குப் பதில் தேட எனக்குப் பொழுது பிடித்தது. பளுவைக் குறைத்துக் கணக்கிடும் அந்தச் சலுகை, வயரின் பருமனைக் குறைக்க அனுமதிக்கிறதே தவிர, வயரைக் காக்கும் பிரேக்கரைப் பெரிதாக்க அனுமதிக்கவில்லை. குடும்பம் அந்தச் சராசரியைத் தாண்டிச் சமைக்கும் நாளும் வரும். அன்றைக்கு நிறுத்துவதற்குத்தான் பிரேக்கர். பிரிட்டனிலேயே அடுப்புக்கென்று 6 சதுர மில்லிமீட்டர் வயரும் 32 ஆம்பியர் பிரேக்கரும் கொண்ட தனி லைன் போடுவதுதான் வழக்கம். நம் நாட்டில் வயரிங் வேலைக்கான ஐ.எஸ். 732 தரநிலையோ, பவர் சர்க்யூட் ஒன்றின் பளுவைச் சாதாரணமாக 3,000 வாட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. திதியன்று நான்கு தட்டும் எரிந்தபோது 26 ஆம்பியர் ஓடியிருக்கிறது. சூடு கரன்ட்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், வயர் தாங்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு சூட்டைத் தாங்கியது. முன்பிருந்த 16 ஆம்பியர் பிரேக்கராக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழுந்திருக்கும். பையன் மாட்டிய 32 ஆம்பியர் பிரேக்கருக்கு 26 என்பது கணக்கிலேயே வராது. நாள் முழுக்க ஓடினாலும் அது அசையாது.

மன்றத்தின் பெண் உறுப்பினர் அப்போது கேட்ட கேள்வி கூர்மையானது. சான்றிதழில் சொன்னபடி 4 சதுர மில்லிமீட்டரே போட்டிருந்தாலும் அது 24 ஆம்பியர்தானே தாங்கும், அப்போதும் எரிந்திருக்காதா என்றார். கட்டுநரின் வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார்: தங்கள் குறைக்கும் தீக்கும் தொடர்பே இல்லை. தாங்கும் அளவை இரண்டு ஆம்பியர் மீறினால் சூடு ஆறில் ஒரு பங்கு கூடும், வயரின் ஆயுள் குறையும். இரண்டு மடங்கானால் மேலுறையே உருகும் என்று பொறியாளர் விளக்கினார். நான் இன்னொன்றைச் சேர்த்துச் சொன்னேன். 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று நம்பியவர் 20 அல்லது 25 ஆம்பியர் பிரேக்கர் மாட்டியிருப்பார். முதலில் மாட்டியிருந்தது 16. உள்ளே இருப்பது 2.5தான் என்று தெரிந்தவர்தான் அந்தப் பிரேக்கரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சான்றிதழில் 4 என்று எழுதப்பட்டபோது, சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது கட்டுநர் தரப்பில் ஒருவருக்காவது தெரியும்.

மிஞ்சியது, பிரேக்கரை மாற்றியவர் யார் என்பது. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. அதற்கு மேல் எந்த மின்வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு விதியிலும் இருந்தது, 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும் இருந்தது. 16ஐ எடுத்துவிட்டு 32 போட்டது திறனை மாற்றிய வேலை. உரிமம் இல்லாத ஆளை வைத்து அதைச் செய்துகொண்டது டீச்சரின் குற்றம் என்று கட்டுநரும் காப்பீட்டு நிறுவனமும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் பையன் தங்கள் ஊழியனே இல்லை என்றும் கட்டுநர் சொன்னார்.

புகார் நோட்டு காப்பாற்றியது. வாட்ச்மேன் அதைப் பழைய பேப்பரோடு போடாமல் வைத்திருந்தார். டீச்சரின் கையெழுத்தில் “கிச்சன் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது”, கீழே “சரிசெய்யப்பட்டது”, அதற்குக் கீழே பராமரிப்பு சூப்பர்வைசரின் ஒப்பம். பையனைத் தேடிப் பிடித்தேன். ஐ.டி.ஐ. படித்தவன், கிண்டியிலுள்ள மின் உரிம வாரியத்தில் தகுதிச் சான்று இன்னும் வாங்கியிருக்கவில்லை. அவனையும் எதிர்தரப்பில் சேர்க்கச் சொல்லிச் சக வழக்கறிஞர்கள் யோசனை சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. சாட்சியாக வாக்குமூலம் கொடுக்கக் கேட்டேன்.

“சூப்பர்வைசர்தான் சார் முப்பத்திரண்டு போடச் சொன்னாரு. உள்ள ஃபோர் ஸ்கொயர் போட்டிருக்கு, தாங்கும்னாரு. நான் கழட்டிப் பாக்கல. அடுப்பு நின்னா அந்த ஐயாவுக்குக் கஞ்சி கிடையாதுன்னு டீச்சரம்மா சொன்னாங்க. அதான் உடனே போட்டேன்.”

நுகர்வோர் மன்றத்தில் நேரடிக் குறுக்கு விசாரணை அரிது. எழுத்தில் கேள்வி கொடுத்து எழுத்தில் பதில் வாங்கலாம் என்று 2002இல் மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. அப்படி அனுப்பப்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுத அவனால் பல வாய்தாக்களுக்கு வர முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்திருந்தது. தண்ணீர் வடிந்த வீடுகளில் வயரிங் வேலைக்கு ஆள் போதாமல் அலைந்தார்கள். கடைசியில் வந்து, ஒரு சொல்லும் மாற்றாமல் பதில் எழுதினான். அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு கட்டுநரின் வேறு எந்த வேலைத்தளத்திலும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அந்த வழக்கில் விலை கொடுத்தவன் அவன் ஒருவன்தான். அதற்கு ஈடு கேட்க எந்தப் பிரிவும் இல்லை.

நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றது 1986ஆம் ஆண்டுச் சட்டம். எங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேலாயிற்று. இடையில் டீச்சரின் கணவர் காலமானார். தீயன்று அவர் சுவாசித்த புகை எவ்வளவு, அது அவர் ஆயுளில் எதை எடுத்தது என்று கேட்க டீச்சருக்கு ஆசை இருந்தது. நிரூபிக்க முடியாததைக் கேட்டால் நிரூபித்ததும் பலவீனப்படும் என்று நான் தடுத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

கட்டுநரின் சேவையில் குறை உண்டு, இழப்பையும் மறு வயரிங் செலவையும் தர வேண்டும். எரிந்த மற்றப் பொருள்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆனால் அடுப்பின் பளுவை எழுத்தில் தெரிவிக்காததால் புகார்தாரருக்கும் பங்குண்டு என்று கட்டுநர் தர வேண்டிய தொகையில் கால் பங்கைக் குறைத்தார்கள். அந்தக் கால் பங்கை நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தில் எலக்ட்ரிக் ரேஞ்சுக்குப் பாயிண்ட் என்று எழுதியவர், எத்தனை வாட்டுக்கு என்று தானே எழுதியிருக்க வேண்டும். அதை அறிந்தவரும் அவர், சுவரைப் பூசியவரும் அவர். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாததைக் குற்றமாகக் கொள்வது, இருட்டில் நடந்தவர்மேல் இடறியதற்கு அபராதம் போடுவது.

கட்டுநர் சென்னையிலுள்ள மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்தார். சமரசம் பேச வந்தபோது டீச்சர் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதே பிளாக்கில் மற்ற வீடுகளிலும் இதே வயர்தானே இருக்கும், அவற்றையும் மாற்றித் தரச் சொல்லுங்கள் என்றார். ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவர் புகார் கொடுக்க அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வழி இருந்தது. ஆனால் அதற்குத் தொடக்கத்திலேயே மன்றத்தின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், மற்றவர்களுக்கு அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். தீப்பிடித்தபோது எங்களுக்குத் தெரிந்தது ஒரு வீடு மட்டுமே. மேல்முறையீட்டில் அந்தக் கதவு திறக்காது. ஆகவே டீச்சர் கேட்டதைச் சமரச வரைவில் ஒரு ஷரத்தாகச் சேர்த்தேன். கட்டுநர் தரப்பு அந்த ஷரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, தொகையைக் கொஞ்சம் கூட்டித் தருகிறோம், இதை எடுத்துவிடுங்கள் என்றது. டீச்சர் கையெழுத்திட்டார்.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். ஆணையர் அறிக்கையின் நகலை இணைத்தார். சங்கக் கூட்டத்தில் பேசி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரை வரவழைத்தார். சம்மதித்த வீடுகளில் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்ததில் எல்லாவற்றிலும் 36 இழைதான். அவர்கள் சமையலறைக்குத் தனியாக 84 இழை லைன் இழுத்துக்கொண்டார்கள். வாடகைக்கு விட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. அந்த வீடுகளின் பெட்டிகள் திறக்கப்படவில்லை.